ராசி ரேக்கைத் திறந்தவர்

எங்கள் கம்பெனியின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி திவ்யா போனில் கேட்டபோது, முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நான் ஓய்வு பெற்ற அன்று என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண் அவள். சிஸ்டம் பிரிவு முழுவதும் இப்போது அவள் பொறுப்பு. பழைய மென்பொருளைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுகிற வேலை நடக்கிறதாம். கட்டுரையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டாள்.

"சார், பழைய சிஸ்டத்துல ராசி ரேக்னு ஒண்ணு இருக்குது. அதுல இருக்கற பட்டெல்லாம் இருப்புல காட்டுது, ஆனா யாருக்கும் எடுத்துக் கொடுக்க முடியல. வந்திருக்கற ஆளுங்க அத தூக்கிடலாமான்னு கேக்கறாங்க. யார் திறந்ததுன்னு பாத்தா உங்க பேர்தான் வருது."

"தூக்காதம்மா" என்றேன்.

"அப்ப அந்தக் கதையே எழுதுங்க சார். ஒரு பொண்ணு மேல வந்த பழிய நீங்க உங்க தலைல போட்டுக்கினீங்கன்னு எல்லாரும் சொல்வாங்களே, அதயும் சேத்து எழுதுங்க. இப்ப சேர்ந்திருக்கற பசங்க படிக்கட்டும்."

சரி, எழுதுகிறேன். ஆனால் திவ்யா கேட்ட கதை வேறு, நடந்தது வேறு.

நான் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து தறியில் உட்காராமல் தப்பித்தவன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்ததும், பட்டுச் சேலை நெய்வித்து விற்கிற இந்தக் கம்பெனியில் பட்டு ரூமுக்கு வேலைக்கு வந்தேன். சாயம் போட்ட பட்டு நூலைச் சிட்டம் சிட்டமாகக் கட்டி, நிறம் நிறமாக ரேக்கில் அடுக்கி வைத்து, நெசவாளர்களுக்கு நிறுத்துக் கொடுக்கிற அறைதான் பட்டு ரூம். எந்த நிறம் குறைகிறது, எதற்குச் சாயப்பட்டறைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் என் கண்ணளவுதான். இருபது வருஷம் அந்த அறையில் நான் வைத்ததுதான் சட்டம். "ஏகாம்பரம் சொன்னா சரி" என்பார் முதலாளி. அந்த ஒரு வார்த்தையில் வயிறு நிறைந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். முதலாளி சென்னையில் யாரோ உறவினர் கம்பெனியில் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் அந்த மென்பொருள் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பட்டு வாங்குவது, சாயம், தறி, விற்பனை, சம்பளம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்துவிடும். ஓர் அறையில் ஒருவர் பதிவது மற்ற எல்லா அறையிலும் தெரியும் என்றார். பட்டு ரூமுக்கு அதைப் படிக்க என்னைத்தான் அனுப்பினார். நாற்பது வயசில் நாய்க்குணம் என்பார்கள். நாற்பத்திரண்டில் எனக்கு வாய்த்தது மாணவப் பருவம்.

சென்னையில் மூன்று வாரப் பயிற்சி. முதல் நாளே மானம் கப்பலேறியது. பேன்ட்டும் இஸ்திரி போட்ட சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாகப் போய் நின்றவனை வாசலில் இருந்த வாட்ச்மேன் ஏற இறங்கப் பார்த்தார். "பேரண்ட்ஸ்லாம் கீழயே உக்காருங்க சார். கிளாஸ் முடிஞ்சதும் பசங்களே வந்துடுவாங்க" என்று ஒரு பெஞ்சைக் காட்டினார். படிக்க வந்தவனே நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த நிஜமான அப்பா அம்மாக்களோடு நானும் உட்கார்ந்து, உங்க பையன் எந்தக் காலேஜ் என்று ஒருவர் கேட்டதற்குத் தலையைக்கூட ஆட்டினேன். வாட்ச்மேன் டீ குடிக்கப் போன பிறகுதான் படியேறினேன். வகுப்பில் பாதி முடிந்திருந்தது.

ஒருவர் நம்மைத் தப்பாக நினைத்துக்கொண்டு மரியாதை செய்தால், அந்த மரியாதையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வாய் வராது. பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்தக் குணம்தான் வேர். பயிற்சியைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. கீபோர்டைப் பழைய டைப்ரைட்டர் என்று நினைத்து நான் குத்துகிற குத்தில் பக்கத்துப் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் என் மனைவி அக்கம்பக்கத்தில், "ஆபீஸ் வேலையா மெட்ராஸ் போய்க்கினு வராரு" என்று சொல்லிவைத்தாள். பாடம் படிக்கப் போகிறார் என்று சொல்ல அவளுக்கும் வெட்கம்.

திரும்பி வந்தபோது எனக்கு மேலதிகாரி ஒருவர் வந்திருந்தார். பெயர் சுகன்யா. இருபத்தாறு, இருபத்தேழு வயது. அன்று மனசுக்குள் 'அவள்' என்றுதான் சொல்லிக்கொண்டேன். இன்று 'அவர்' என்று எழுதுகிறேன். வாலாஜாபாத்துக்காரர். சென்னையில் பெரிய கம்பெனியில் இதே மென்பொருளில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். ஒருநாள் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா ஒருத்தியால் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க முடியாது. அதனால் சென்னை வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து போய் வரும் தூரத்தில் எங்கள் வேலை கிடைத்ததென்று வந்து சேர்ந்தார். சாயந்திரம் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அப்பாவைப் புரட்டிப் போடுவது. மென்பொருள் தெரிந்தவர்களுக்கு எங்கள் ஊரில் வேறு வேலையே கிடையாது அப்போது. இந்த வேலை போனால் மறுபடி சென்னைதான். எனக்கு இது எல்லாம் தெரியும். முதல் வாரத்திலேயே அவரே சொல்லியிருந்தார்.

அவர் சொல்லிக் கொடுக்கிற விதத்தை எழுதியாக வேண்டும். உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். நான் கம்ப்யூட்டர் முன்னால். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு கையையும் முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு நிற்பார். எவ்வளவு தப்பு செய்தாலும் என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கியதே இல்லை. நான் தேடித் தேடித் தடுமாறுவேன், பின்னால் சத்தமே இருக்காது. சரியான இடத்தைத் தொட்டதும், "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். ஒரு பதிவை முழுக்கச் செய்து முடித்ததும், அதை அழிக்கச் சொல்லி மறுபடி செய்யச் சொல்வார்.

"நீங்களே பண்ணிடுங்களேன் மேடம், நேரமாவுது" என்றேன் ஒருநாள்.

"நான் பண்ணா என் பேர்ல பதிவாகும் சார். நாளைக்கு உங்க ரூம்ல நடந்தது எதுவும் உங்களுக்கே தெரியாது. மெதுவாவே பண்ணுங்க, நான் இருக்கேன்."

கொஞ்ச நாளில் மேடம் போய் 'மா' ஆனது. ஆனாலும் ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்க எனக்குக் கூசும். இருபது வருஷம் மற்றவர்கள் என்னிடம் கேட்டுப் பழகிய வாய். ஒருநாள் காலையில் கேட்டதை மத்தியானம் மறந்துவிட்டால், தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு, அவர் சாப்பிடப் போன நேரத்தில் தட்டித் தட்டிப் பார்ப்பேன்.

ஆடி மாதம் வியாபாரம் மந்தம். அந்த நேரத்தில் இருப்பை எண்ணி ஏற்றிவிடலாம் என்று முடிவானது. இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பட்டு ரூமில் எந்த ரேக்கையும் காலி செய்யமாட்டோம். எவ்வளவு அவசரமானாலும் கடைசிச் சிட்டத்தை எடுக்கக் கூடாது. அதற்குக் குங்குமப் பொட்டு வைத்து அப்படியே விட்டுவிடுவோம். புதுச் சாயம் போட்ட பட்டு வந்து அடுக்கிய பிறகுதான் பழைய சிட்டத்தை வெளியே எடுத்து, புதியதில் ஒன்றுக்குப் பொட்டு வைப்போம். அதற்கு ராசிச் சிட்டம் என்று பெயர். ரேக் வெறுமையானால் மகாலட்சுமி எழுந்து போய்விடுவாள் என்பது நம்பிக்கை. வாங்க வருகிற நெசவாளரும் பொட்டு வைத்த சிட்டத்தைப் பார்த்துவிட்டால், கேட்காமலேயே திரும்பிவிடுவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சோற்றைக் காலால் தள்ளக் கூடாது என்று யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா?

நான் எண்ண எண்ண சுகன்யா பின்னால் நின்று கவனித்துக்கொண்டு வந்தார். பாக்கு நிற ரேக்குக்கு வந்ததும் நிறுத்தினார்.

"சார், இந்தப் பொட்டு வெச்சது எதுக்கு?"

"ராசிக்கு மா."

"இதயும் எண்ணணுமா, விட்டுடலாமா?"

கேட்டார். இதை நான் பெரிய எழுத்தில் எழுத விரும்புகிறேன்: அந்தப் பெண் கேட்டார். பாக்கு நிறம் அவ்வளவாக விற்றுப்போகாத நிறம். அந்த ரேக்கில் அன்று இருந்ததே நாலைந்து சிட்டம்தான். சில ரேக்குகளில் ராசிச் சிட்டம் மட்டும்தான் இருந்தது. அதை எண்ணாமல் விட்டால் திரையில் அந்த நிறத்துக்கு நேராக சைபர் என்று விழும். இருபது வருஷம் என் அறையில் சைபர் என்ற பேச்சே எழுந்ததில்லை. முதல் நாளே, அதுவும் என் கையால், சைபர் போடுவதா?

"எண்ணிடலாம்மா" என்றேன். "எண்ணாம விட்டா இல்லன்னு ஆயிடும்."

அவர் நல்லது என்று தலையசைத்தார். எல்லாம் ஏற்றி முடித்த பிறகு அடுத்த கேள்வி. ஒவ்வொரு நிறமும் எந்த அளவுக்குக் குறைந்ததும் சாயப்பட்டறைக்கு ஆர்டர் போக வேண்டும்? அதைச் சொல்லிவிட்டால் மென்பொருளே பார்த்துக்கொண்டு ஆர்டரை அனுப்பிவிடும். ஓடுகிற நிறங்களுக்கு அளவு சொன்னேன். பாக்கு, தேன், வெங்காயத் தோல் மாதிரி ஓடாத நிறங்களுக்கு, "தீர்ந்தப்புறம் போட்டா போதும்மா" என்றேன்.

"தீர்ந்தப்புறம்னா சைபர் ஆனதுக்கு அப்புறமா? நிச்சயமா சார்?"

"நிச்சயமா."

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பதிலிலும் குற்றமில்லை. சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பது இப்போது படிக்கிற உங்களுக்கே புரிந்திருக்கும். ராசிச் சிட்டத்தை யாரும் எடுக்கப்போவதில்லை. அதனால் அந்த நிறங்கள் ஒருநாளும் சைபர் ஆகப்போவதில்லை. சைபர் ஆகாத வரை ஆர்டரும் போகப்போவதில்லை. அவருக்கு ராசிச் சிட்டம் என்றால் என்னவென்று தெரியாது; எனக்கு மென்பொருள் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்ததைச் சொல்ல வேண்டியவன் நான். 'ராசிக்கு' என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் இட்டு, முதலாளி தேங்காய் உடைத்தார். இனிமேல் சாயப்பட்டறைக்கு யாரும் வாய் வார்த்தையாக ஆள் அனுப்பக் கூடாது, மிஷின் அனுப்பினால்தான் ஆர்டர் என்று உத்தரவு போட்டார். எல்லாரும் கை தட்டினோம்.

ஐப்பசியில் வினை வந்தது. சென்னையிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் பாக்கு நிறத்தில் முகூர்த்தச் சேலை வேண்டுமென்று சொல்லியிருந்தார்கள். முனுசாமி தறியில் அது ஏறியிருந்தது. முனுசாமி என் பள்ளிக்கூடத் தோழன், தெருக்காரன். குறுக்கே ஓட்டுகிற ஊடைப் பட்டை நாங்கள் ஒரே தடவையாகக் கொடுப்பதில்லை. நெய்ய நெய்ய வந்து வாங்கிப் போவார்கள். கடைசித் தவணை வாங்க அவன் வந்தபோது ரேக்கில் பொட்டு வைத்த சிட்டம் மட்டும் இருந்தது. பார்த்தான், ஒன்றும் கேட்காமல் திரும்பினான். இரண்டு நாள் கழித்து வந்தான். மறுபடி வந்தான்.

"இன்னாபா ஏகாம்பரம், சாயம் போடச் சொன்னியா இல்லியா? தறி சும்மா கெடக்குதுபா."

"மிஷின் சொல்லும்பா. அதுக்குத் தெரியாதா எப்ப சொல்லணும்னு?"

அப்போது நான் அதை நம்பினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மனசில் ஒரு மூலையில் உறுத்தியது. சுகன்யாவிடம் போய், ஏம்மா, பாக்கு நிறத்துக்கு இன்னும் ஆர்டர் போகலியே என்று கேட்டால் முடிந்தது. அந்த வாரம்தான் ஒரு சின்ன விஷயத்தை அவரிடம் மூன்றாம் தடவையாகக் கேட்டிருந்தேன். நாலாம் தடவையும் போய் நிற்க வெட்கமாக இருந்தது. இன்று போகும், நாளை போகும் என்று தள்ளிப்போட்டேன். பாக்கு மட்டுமா? ஓடாத நிறம் ஏறியிருந்த மற்றத் தறிகளும் ஒவ்வொன்றாக நின்றுகொண்டு வந்தன.

கல்யாண வீட்டார் சேலையை வாங்க வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா முன்பக்கம் கடையில் உட்கார்ந்திருந்தார். முதலாளி முனுசாமியைக் கூட்டிக்கொண்டு நேராகப் பட்டு ரூமுக்கு வந்தார். சுகன்யாவையும் கூப்பிட்டார். அந்தச் சின்ன அறையில் நாங்கள் நாலு பேர். முதலாளி திரையைப் பார்த்தார்.

"ஒண்ணு இருக்குதுன்னு காட்டுதே. அத கொடுத்திருந்தா சேல முடிஞ்சிருக்குமில்ல? எடுத்துக் கொடு ஏகாம்பரம்."

நான் அசையவில்லை. அவர் ரேக்கைத் திரும்பிப் பார்த்தார். பொட்டு தெரிந்தது.

"அது ராசிச் சிட்டம் மொதலாளி" என்றான் முனுசாமி. "உங்க ரேக்க காலி பண்ண கை என் கையா இருக்க வாணாம். தறி நின்னது நின்னதாவே இருக்கட்டும்." சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

முதலாளி தானே எடுத்துவிடப் போகிறவர் மாதிரி ரேக்கிடம் போனார். கையை நீட்டினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தச் சிட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்துவிட்டார். முன்னால் கடையில் பெண்ணின் அப்பா யாரிடமோ உரக்கப் பேசுவது கேட்டது.

சுகன்யா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

"இத எடுக்கவே மாட்டீங்கன்னா, இருப்புல சேத்திருக்கக் கூடாதே" என்றார் மெதுவாக. "அதனாலதான் ஆர்டர் போகல. சைபரே ஆகல."

"ஏன் சேத்த?" என்றார் முதலாளி. சுகன்யாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

சுகன்யா என் பக்கம் திரும்பவில்லை. கண்ணைக் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

"நான்தான் மொதலாளி சேக்கச் சொன்னேன்" என்றேன். "தீர்ந்தப்புறம் ஆர்டர் போனா போதும்னு சொன்னதும் நான்தான். அந்தப் பொண்ணு கேட்டுது. நான்தான் தப்பா சொன்னேன்."

சொல்லிவிட்டேன். முதலாளி என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இறங்கி, என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்த இடத்தில் சிரிப்பு வந்தது.

"நீ சொல்லுவ ஏகாம்பரம். பொண்ணு புள்ள அழுதுடுமேன்னு உன் தலைல இழுத்துப் போட்டுக்குவ. இருபது வருசமா ராசிச் சிட்டத்த காப்பாத்துனவன் அத போய் இருப்புல சேப்பியா? உன்ன எனக்குத் தெரியாதா?"

"இல்ல மொதலாளி..."

"விடு. வெளிய மனுசன் உக்காந்துக்கினு இருக்கான்." சுகன்யாவிடம் திரும்பினார். "ஊர் வழக்கம் தெரியாத ஆள்கிட்ட கொடுத்தது என் தப்பும்மா. இந்த மாசத்தோட எல்லாத்தயும் ஏகாம்பரத்துகிட்ட ஒப்படைச்சிடு. அவனே பாத்துக்குவான்."

"எனக்கு வாலாஜாபாத்துதான் சார்" என்றார் அவர். கெஞ்சவில்லை. ஊர் எவ்வளவு பக்கம் என்று தகவல் சொல்வது போலச் சொன்னார். முதலாளி அதற்குள் கடைப்பக்கம் போய்விட்டார்.

போனவர் பின்னாலேயே நானும் போயிருக்க வேண்டும். சட்டையைப் பிடித்து நிறுத்தி, நிஜமாகவே நான்தான் ஐயா என்று கத்தியிருக்க வேண்டும். கல்யாண வீட்டார் கோபத்தோடு வேறு சேலையை எடுத்துக்கொண்டு போன பிறகாவது அவர் அறைக்குப் போயிருக்க வேண்டும். மறுநாள் இருந்தது, அதற்கு மறுநாள் இருந்தது. வாயில் கொழுக்கட்டை. முனுசாமி வெளியே வந்து என் தோளில் கை வைத்து, "நீதான் சொல்லிட்டியேபா, அப்புறம் இன்னா?" என்றான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிட்டேன் இல்லையா? அவர் நம்பவில்லை என்றால் நான் என்ன செய்ய? எத்தனையோ வருஷம் இதைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, பாவத்தை நான் வைத்துக்கொண்டு, கூடவே நல்ல பெயரையும் வாங்கிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னதற்கு, பொய் சொல்லிக் காப்பாற்றப் பார்த்தவன் என்று நல்ல பெயர். இப்படி ஒரு கூத்து யாருக்கு வாய்க்கும்?

அந்த மாதம் முடிகிற வரை சுகன்யா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். முன்பு போலவே கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். முன்பு போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "அப்புறம்?" என்ற குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், இரண்டு வார்த்தை சுடச்சுடக் கேட்டிருந்தால், எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆறுதலையும் கொடுக்கவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அவரே யோசித்துச் சொன்னார்: "சார், ராசிக்குன்னு தனியா ஒரு ரேக் சிஸ்டத்துல திறந்துடலாம். எல்லா நிறத்து ராசிச் சிட்டத்தயும் அதுக்கு மாத்திடுங்க. இருக்குதுன்னு காட்டும், யாராலயும் எடுக்க முடியாது. உங்களுக்கும் சைபர் பாக்கற மாதிரி இருக்காது. ஆர்டரும் அது பாட்டுக்குப் போகும்."

சைபர் பார்க்கிற மாதிரி இருக்காது! என் பயத்தை அவர் தெரிந்து வைத்திருந்தார். அதைக் கேலி செய்யாமல் அதற்கு ஓர் இடமும் ஒதுக்கிக் கொடுத்தார். நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக அமுக்கினேன். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதனால்தான் ராசி ரேக்கைத் திறந்தவர் ஏகாம்பரம் என்று இன்றைக்கும் சிஸ்டம் காட்டுகிறது, திவ்யா. திறந்த கை என்னுடையது. யோசனை, வழி, பெருந்தன்மை எல்லாம் அவருடையது.

கடைசி நாள் சாயந்திரம் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். "வரேன் சார்" என்றார். "போய்ட்டு வாம்மா" என்றேன். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போகலாம் என்று எழுந்தேன். எந்த முகத்தோடு போவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பதினேழு பதினெட்டு வருஷம் நான்தான் 'சிஸ்டம் சார்'. வெளியூர்களிலிருந்து வந்த மென்பொருள்காரர்கள் ராசி ரேக்கைப் பார்த்து வியந்தார்கள். ஒருவர் என்னோடு நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார். முனுசாமியின் தறி அடுத்த வாரமே ஓட ஆரம்பித்துவிட்டது; அந்தப் பாக்கு நிறச் சேலையும் பிறகு வேறொருவருக்கு விற்றுப்போனது. நஷ்டமாக முடிந்தது ஒருவருக்குத்தான். சுகன்யா சென்னையில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். வாலாஜாபாத் பஸ்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

நான் ஓய்வு பெற்ற அன்று பாராட்டுக் கூட்டம். முதலாளிக்கு வயதாகிவிட்டது, மேடையில் நின்று அந்தக் கதையை அவரே சொன்னார். "ஒரு பொண்ணு பண்ண தப்ப தன் தப்புன்னு சொன்னவன் எங்க ஏகாம்பரம்" என்று முடித்தார். கைதட்டல் அடங்கவில்லை. என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக் கையில் இருந்தது, எதிரில் எல்லாரும் இருந்தார்கள். இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? நான் கை கூப்பினேன். எல்லாருக்கும் நன்றி என்றேன். மாலையின் கனத்தில் தலை குனிந்திருக்கிறது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

திவ்யாவின் போன் வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுகன்யாவின் நம்பரைத் தேடிக் கொடுக்கும்படி அவளிடமே கேட்டேன். இன்டர்நெட்டில் தேடி, மறுநாளே அனுப்பிவிட்டாள். சென்னையில் ஏதோ பெரிய கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏகாம்பரம் சார், நல்லா இருக்கீங்களா? முனுசாமி அண்ணா எப்படி இருக்காரு?"

எல்லாரையும் விசாரித்தார். நான் அவருடைய அப்பாவை விசாரித்தேன்.

"அப்பா அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இருந்தாரு சார். ஞாயித்துக்கெழம மட்டும் வந்து பாத்துட்டுப் போவேன். அவர் போனது ஒரு வியாழக்கெழம."

எத்தனையோ வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் கையில் அகப்பட்டது அதே பழைய வார்த்தைதான்.

"நான் சொன்னேன்மா. அன்னிக்கு மொதலாளிகிட்ட, நான்தான்னு சொன்னேன்மா."

"தெரியும் சார். நானும் அங்கதானே நின்னுக்கினு இருந்தேன்." குரலில் கோபம் இல்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே நிதானம். "சொன்னீங்க. ஒரு தடவ சொன்னீங்க."

பிறகு வேறு ஏதோ பேசினோம். என்ன பேசினோம் என்று நினைவில்லை.

திவ்யா, இந்தக் கட்டுரையை மலரில் போடுவதானால் ஒரு வரியும் வெட்டாமல் போடு. எண்ணச் சொன்னவன் நான். தீர்ந்த பிறகு போதும் என்றவன் நான். சந்தேகம் வந்தும் கேட்காமல் இருந்தவன் நான். சுகன்யா கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார், தெரிந்துகொண்டதும் திருத்தினார், வேலையை இழந்தார். ராசி ரேக் அவர் திறந்தது. இதை நான் சொல்வது இது இரண்டாவது தடவை. இதைப் படித்துவிட்டு, பாருங்கள் ஏகாம்பரத்துக்கு எவ்வளவு அடக்கம் என்று யாராவது சொன்னால் என் வீட்டு விலாசத்தைக் கொடு. மூன்றாவது தடவையும் சொல்கிறேன்.